திரைக்கதை தாளில் இருக்கட்டும்



1950களின் இறுதியில் காரைக்குடி அழகப்பா கல்லூரி விழாவுக்கு எம்.ஜி.ஆர். வந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டே ஒரு மாணவர் தமிழ்ப் படங்களின் செயற்கைத்தனத்தை மேடையில் விமர்சித்தார். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, பாராட்டினார். பிறகு அந்த இளைஞர் சென்னையில் பத்திரிகை வேலையில் இருந்தபோது அவரை அடையாளம் கண்டு, 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதும் பொறுப்பை ஒப்படைத்தார். அந்த மாணவர்தான் இயக்குநர் மகேந்திரன். அவர் எழுதிய அந்தத் திரைக்கதை படமாகவில்லை. 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஐந்து பாகம் கொண்ட ஒரு நாவலைக் காட்சி காட்சியாகப் பிரித்து எழுதிப் பார்த்தவர் அங்கே என்ன கற்றிருப்பார் என்பதை அவர் இயக்கிய 'முள்ளும் மலரும்' பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

இன்று சினிமா படித்துப் பட்டம் பெறும் உங்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். திரைக்கதையை எழுதுங்கள். தாளில், முழுதாக, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை எழுதுங்கள்.

திரைக்கதை எழுத வந்தவர்களிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டும். நம் ஊரில் கதை பெரும்பாலும் வாயால்தான் விற்கப்படுகிறது. ஒன்லைன் சொல்கிறோம். தயாரிப்பாளருக்குப் பிடித்தால் ஹீரோவிடம் போய் இரண்டு மணி நேரம் கதை சொல்கிறோம். பின்னணி இசையைக்கூட வாயாலேயே போட்டுக் காட்டுகிறோம். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவருக்குப் படம் கிடைக்கிறது. நன்றாக எழுதத் தெரிந்தும் பேச வராதவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். சொல்வதும் ஒரு கலைதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சொல்லும்போது குரலின் வேகத்தில் ஓட்டைகள் மறைந்துவிடும். ஹீரோ அறிமுகமும் இடைவேளைத் திருப்பமும் கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைத்துவிடும். இரண்டாம் பாதியில் அந்தத் தங்கை கதாபாத்திரம் எங்கே போனாள் என்று அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. தாள் கேட்கும். நாற்பத்தைந்தாவது காட்சியை எழுத உட்காரும்போது, பன்னிரண்டாவது காட்சியில் நீங்கள் வைத்த பொய் உங்களை மறித்து நிற்கும்.

'முள்ளும் மலரு'க்கே வருகிறேன். உமாசந்திரன் எழுதிய நாவல். படம் 1978இல் வந்தது. காளிக்குத் தங்கை வள்ளி மேல் உயிர். இப்படி ஒரு வாக்கியத்தை நாவலாசிரியர் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம், திரைக்கதை ஆசிரியருக்கு அந்த வசதி கிடையாது. 'உயிர்' என்பதைக் கேமரா எடுக்க முடியாது. அவன் என்ன செய்கிறான், எதைப் பார்த்ததும் முகம் திருப்புகிறான், யார் முன்னால் குரலை உயர்த்துகிறான் என்பவற்றைத்தான் எடுக்க முடியும். அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அண்ணன் வெறுக்கும் என்ஜினீயரைத் திருமணம் செய்துகொள்ள ஊரார் துணையோடு வள்ளி புறப்பட்டுப் போகிறாள். வழியில் ஒற்றைக் கையோடு காளி தனியாக நிற்கிறான். அவளால் அவனைத் தாண்டிப் போக முடியவில்லை, ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். ஊரே எதிர்ப்பக்கம் நிற்கும்போது தங்கை தன்னைத் தேர்ந்தெடுத்தாள் என்பது போதும் அவனுக்கு. அடுத்த கணம் அவனே அவளை அழைத்துப் போய் அந்த என்ஜினீயரிடம் ஒப்படைக்கிறான், இப்போதும் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொல்லியபடி.

சாதாரணமாக எழுதுபவர் அங்கே காளியைத் திருத்தியிருப்பார். மன்னிப்புக் கேட்க வைத்திருப்பார், மாப்பிள்ளையைத் தழுவ வைத்திருப்பார். மகேந்திரன் அவனைத் திருத்தவில்லை. அவன் வீம்பு வீம்பாகவே இருக்கிறது, கல்யாணமும் நடக்கிறது. படம் தொடங்கியதிலிருந்து அவனுக்கு வேண்டியிருந்தது எது என்று தெரிந்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும். திரைக்கதை என்ற கலை முழுவதும் எனக்கு இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது. படத்தில் வசனம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று தயாரிப்பாளர் கலங்கிப்போனதை மகேந்திரனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கலக்கத்துக்கும் காரணம் உண்டு. எழுத்தாளர் என்றால் வசனம் என்றே நாம் பழகிவந்தோம். 1937இல் வந்த 'அம்பிகாபதி'யைத் தமிழே அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார், இளங்கோவனின் வசனம் அதைத் தமிழ்ப் படமாக்கியது. 1952இல் 'பராசக்தி' வந்தபோது கலைஞரின் வசனத்தை ஊர் ஊராக மனப்பாடம் செய்தார்கள். அது பெரும் சாதனை, ஐயமில்லை. ஆனால் காட்சிகளின் வரிசையை அமைப்பதும், எதைக் காட்டாமல் விடுவது என்று தீர்மானிப்பதும் எழுத்து வேலைதான் என்பது அந்தக் கைத்தட்டலில் காதில் விழாமல் போயிற்று. அந்த வேலையைக் கதை விவாதத்தில் உட்கார்ந்து செய்துகொடுத்துவிட்டு, டைட்டிலில் பெயர் வராமலே போனவர்கள் கோடம்பாக்கத்தில் ஏராளம். பலர் உதவி இயக்குநர்கள். அவர்கள் சொன்ன காட்சிகளை இன்றும் ரசிக்கிறோம், அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது.

இங்கேதான் தாள் இரண்டாவது முறை முக்கியமாகிறது. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. தன் நாடகத்தை எடுத்துப் படமாக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டவர் தோற்றுப்போனார். உங்கள் ஒன்லைனை ஓர் அறையில் பத்துப் பேரிடம் சொன்னீர்கள் என்றால் சட்டத்தின் கண்ணில் உங்களிடம் ஒன்றுமே இல்லை. காட்சிகளாக எழுதி, திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் தேதியோடு பதிந்து வைத்திருந்தால் வாதாட ஒரு பிடி இருக்கிறது.

2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படம் திரையரங்கில் ஓடுவதைத் தவிர வேறு வழிகளில் பயன்படும்போது, அதில் உள்ள எழுத்துக்கு ராயல்டி பெறும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு. அதை அவரே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றித் தரலாம். சட்டத்தில் இருப்பது கைக்கு வந்து சேர்வது வேறு கதை, அதற்கு இன்னும் போராட வேண்டியிருக்கிறது. ஆனால் இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிப் போடாதீர்கள்.

ஒப்பந்தம், சம்பளம் என்று பட்டமளிப்பு மேடையில் பேசலாமா என்று யாராவது தயங்கினால், புதுமைப்பித்தனை நினைவூட்டுகிறேன். தமிழ்ச் சிறுகதையின் உச்சங்களை எழுதியவர், கடைசிக் காலத்தில் சினிமாவை நம்பினார். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுத வீட்டை விட்டுப் புனே போனார். காச நோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானபோது அவருக்கு வயது 42. மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாக வந்திருக்கின்றன. அன்புக்கு நடுவே பணம் எப்போது வரும் என்ற கவலை அந்தக் கடிதங்களில் ஓடிக்கொண்டே இருக்கிறது. திரை எழுத்தாளராக விரும்பும் ஒவ்வொருவரும், இலக்கணப் புத்தகங்களைத் தொடுவதற்கு முன் அதைப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மாறாக, பம்பாயில் 1973இல் 'சஞ்சீர்' வெளியானபோது போஸ்டரில் தங்கள் பெயர் இல்லை என்று பார்த்த அதன் திரைக்கதை ஆசிரியர்கள் சலீமும் ஜாவேதும், ஆள் வைத்து ஊர் முழுக்க ஒட்டியிருந்த போஸ்டர்களில் பெயரை எழுத வைத்தார்கள். அதன் பிறகு அந்த இணையின் பெயரைப் பார்த்தே மக்கள் தியேட்டருக்கு வந்தார்கள். 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவு தருவதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அவர்களால் முடிந்ததற்குக் காரணம் எல்லோரும் ஒரே சங்கத்தில் நின்றதுதான். நீங்கள் தனித்தனியாக நிற்காதீர்கள். எழுதத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே சங்கத்தில் சேருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இயக்குநர்களாகவும் தயாரிப்பாளர்களாகவும் ஆவீர்கள். அன்று உங்கள் முன்னால் ஒரு இளைஞனோ இளம்பெண்ணோ எழுதிய தாள்களோடு வந்து உட்காருவார்கள். கதையைச் சொல்லச் சொல்லாதீர்கள், வாங்கிப் படியுங்கள். பிடித்திருந்தால் படப்பிடிப்பு தொடங்கும் முன் சம்பளத்தை முழுதாகக் கொடுங்கள். விவாதத்தில் ஒரு காட்சி கொடுத்தவர் பெயரையும் டைட்டிலில் போடுங்கள். இந்த மூன்றையும் உங்கள் முதல் படத்திலேயே செய்யுங்கள்.