படுவான்கரைக்கு வரும் விருந்தினர்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்குக் கரையை, ஞாயிறு எழும் திசை நோக்கி, எழுவான்கரை என்றும், மேற்குக் கரையை, அது படும் திசை நோக்கி, படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். நகரமும் பெருந்தெருவும் கடற்றொழிலும் எழுவான்கரைக்கு உரியன. வயல்வெளியும் மாட்டுப்பட்டியும் காட்டோரமும் படுவான்கரைக்கு உரியன. களுவாஞ்சிக்குடியை அடுத்துள்ள பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து சென்றால் போரதீவுப் பற்று வரும். அப்பற்றிலுள்ள பழைய ஊர்களுள் ஒன்று பழுகாமம். திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் ஊர். வயல்தொகுதியை வட்டை என்றும், பெருநிலக்காரரைப் போடியார் என்றும், கோயிற் பொறுப்பாளரை வண்ணக்கர் என்றும் அழைக்கும் ஊர். தாய்வழியாக வரும் குடிமுறையை மறவாத ஊர்.

இத்தகைய ஓர் ஊருக்குக் கடல் கடந்த நாடொன்றிலிருந்து கிறிஸ்தவ இளைஞர் பத்துப் பேர் இரண்டு வாரத் தொண்டுக்காக வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். உலகெங்கும் ஆண்டுதோறும் எண்ணற்ற இளைஞர் இவ்வாறு புறப்படுகின்றனர். பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசுவர், சிறுவர்க்கு ஆங்கிலப் பாட்டுக் கற்பிப்பர், கிணறு இறைப்பர், ஊர் திரும்பும்போது கண்ணீர் வடிப்பர். வந்தவர்க்கு இதனால் நன்மை விளைகிறது என்பதில் ஐயமில்லை. வரவேற்ற ஊருக்கு என்ன விளைகிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

மட்டக்களப்பு இக்கேள்வியை 1814ஆம் ஆண்டிலேயே சந்தித்தது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் தோமஸ் கோக் என்னும் மெதடிஸ்த முதியவர், தம் சொந்தப் பணத்தையும் இம்முயற்சிக்கு ஈடாக வைத்து, இளம் போதகர் சிலருடன் இங்கிலாந்தினின்றும் கப்பலேறினார். வழியிலே, 1814 மே 3ஆம் நாள், அவர் கப்பலறையில் இறந்து கிடந்தார். அவ்விளைஞருள் ஒருவராகிய வில்லியம் ஓல்ட் என்பாரின் மனைவியும் அப்பயணத்திலேயே கடலில் இறந்தார். தலைவரை இழந்து, கையில் போதிய பணமுமின்றி, சூன் மாத இறுதியில் காலித் துறைமுகத்தை அடைந்தவர்கள், யார் எங்கே செல்வது என்று கூடிப் பேசித் தீர்மானித்தனர். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு. ஓல்ட் தனியராய் மட்டக்களப்புக்கு.

அவர் வந்து இறங்கியபோது அவர்க்கு அந்நாட்டிலே அறிமுகமானவர் எவருமில்லை, மொழியும் இல்லை. அவர் தமிழ் கற்கத் தொடங்கினார்; பள்ளிகளைத் திறந்தார். எட்டு மாத காலத்துள் எட்டுப் பள்ளிகள் என்று சொல்லப்படுகிறது. 1815 ஏப்ரல் 1ஆம் நாள் நோயினால் மாண்டார். இன்றைய மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை அவர் வந்த 1814ஆம் ஆண்டினின்றே கணக்கிடுகிறது. வாவிக்கரையில் அவர் சிலை நிற்கிறது.

தொண்டின் மதிப்பைத் தங்கிய காலத்தால் அளக்கலாம் என்பார்க்கு ஓல்டின் வரலாறு இடைஞ்சலானது. எட்டு மாதம் என்பது ஓராண்டும் நிரம்பாத காலம். ஆயினும் அவர் தொடங்கியது பள்ளி. பள்ளி என்பது தொடங்கியவர் இறந்தபின்னும் பிறர் கையில் ஓடத்தக்கது. வர்ணம் பூசிய சுவரோ அடுத்த மாரியிலே பாசி பிடித்துவிடும்.

பிறர் கையில் ஓடியது என்பதற்கு ஒரு சான்று போதும். 1892இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். பயின்றவர் கிறிஸ்தவராகிவிடவில்லை, இராமகிருஷ்ண மிஷனிற் சேர்ந்து துறவியானார். 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். மிஷன் பள்ளியின் நோக்கம் இதுவன்று என்று சிலர் வருந்தியிருக்கக்கூடும். ஆனால் விதைத்தவன் விரும்பியபடி மட்டுமே முளைக்கவேண்டும் என்பது கல்விக்குப் பொருந்தாத கட்டளை.

உடலுழைப்புத் தொண்டின் வரலாறு வேறு. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல் என்னும் பொறியியலாளர், பிரான்சில் வெர்டன் போர்க்களத்தின் அருகே பாழ்பட்டுக் கிடந்த எஸ்ன் என்னும் கிராமத்தைச் சீர்செய்யப் பல நாட்டினரையும் அழைத்துச் சென்றார். நேற்று வரை பகைவராயிருந்த செர்மானியரும் அக்குழுவில் மண் சுமந்தனர். 1934 சனவரி 15ஆம் நாள் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது அவரே இந்தியாவுக்கும் வந்து, காந்தியடிகளையும் இராசேந்திர பிரசாதரையும் கண்டு, கிராமங்களை மீள அமைக்கும் பணியில் ஈடுபட்டார். அங்கே அவருடன் வந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. பீகாரில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பல்லாயிரம் மைல் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருவதிற் பொருளுமில்லை. இலங்கையிலோ, 1958இல், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரை ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொளுவைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சர்வோதய சிரமதான இயக்கம் அதினின்றே வளர்ந்தது. அவர் பௌத்தர், செரசோல் கிறிஸ்தவர். இருவரும் செய்தது ஒன்றே: ஊராருடன் சேர்ந்து உழைப்பது.

இனிப் பழுகாமத்துக்கு வருவோம். மேலைநாட்டு மாணவர்க்கு நெடிய விடுமுறை ஆனி, ஆடி மாதங்களில் வருகிறது. அப்பொழுது படுவான்கரையிற் கச்சான் காற்று வீசும். முகத்தைச் சுடும் அக்காற்றிலே புல் கருகிக் கிடக்கும். குளத்து நீர் பாயாத வட்டைகளில் வேலை இராது. ஊராரே வேலையின்றி இருக்கும் காலத்தில் வேலைசெய்ய ஆள் வருகிறது! ஆள் தேவைப்படும் காலமோ வேறு. கார்த்திகை, மார்கழியில் மாரி பொழிந்து, வாவி பெருகி, தெருக்கள் நீரில் மூழ்கும். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல வழியின்றி நிற்பர். 2011 சனவரியில் வந்த வெள்ளம் மட்டக்களப்பு மாவட்டத்து நெல்லைப் பெரிதும் அழித்தது. அக்காலத்தில் விமானச் சீட்டு வாங்குவோர் அரியர்.

செலவையும் எண்ணிப் பார்க்கலாம். ஒருவரின் விமானக் கட்டணம் ஊர் மேசன் ஒருவருக்குச் சில மாதக் கூலி. சுவர் எழுப்புவதே நோக்கமானால் பணத்தை அனுப்பிவிடுதல் நேர்மை. நோக்கம் அதுவன்று, மனிதரை மனிதர் அறிதல் என்றால், அதற்கு வேண்டிய ஆயத்தம் வேறு. தமிழில் இருநூறு சொல்லாவது கற்று வரவேண்டும். யாரைக் கேட்டு எதைச் செய்வது என்பதை அதிபர், வண்ணக்கர், மாதர் சங்கத்தார் ஆகியோர் முன்கூட்டியே சொல்லவேண்டும்; குழு அதைக் கேட்கவேண்டும். ஒரு குடியாரின் வீட்டுக்கு மட்டும் பரிசில் கொடுத்துவிட்டு அகன்றால், அவர்கள் போனபின் ஊரிலே எழும் மனத்தாங்கலை ஆற்றுவோர் ஊராரே. ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் பத்து நாள் கற்பித்துவிட்டுச் சென்றால், பதினோராம் நாள் அவ்வகுப்புக்கு முன் நிற்பவர் அவ்வூர் ஆசிரியர். அந்த ஆசிரியரோடு அமர்ந்து பாடம் ஆயத்தஞ்செய்தலே அப்பத்து நாளின் நல்ல பயன்.

சமயத்தைப் பற்றியும் மறைக்காமற் பேசவேண்டும். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரையை வாரிச் சென்றபின், உதவிப் பொதியோடு மதப் பிரசாரமும் வந்தது என்ற முறைப்பாடு பல இடங்களில் எழுந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே இலங்கை நாடாளுமன்றத்தில் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று முன்வைக்கப்பட்டிருந்தது. உதவியைச் சமய, அரசியற் கருத்தைப் பரப்பும் கருவியாக்கலாகாது என்னும் விதி 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் பிற தொண்டு நிறுவனங்களும் வகுத்த ஒழுக்கக் கோவையில் உள்ளது. உலகத் திருச்சபைகளின் மன்றமும் கத்தோலிக்கக் காரித்தாசும் அக்கோவைக்குத் துணைநின்றவை. ஆகவே, இது கிறிஸ்தவர்மேல் பிறர் சுமத்திய கட்டுப்பாடன்று, அவர்களே ஏற்றுக்கொண்டது. இளைஞன் தன் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் சொல்லலாம். பசித்தவன் முன் சோற்றைப் பிடித்துக்கொண்டு சொல்லலாகாது.

தங்கிவிட்டவர்களும் உளர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து 1948இல் மட்டக்களப்புக்கு வந்த இயேசு சபைக் குருமாருள் யூஜின் ஹேபேர்ட், ஹரி மில்லர் என்னும் இருவர் பெயரை அந்நகரத்தார் நன்கறிவர். ஹேபேர்ட் அடிகள் மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து நகருக்குத் திரும்பும் வழியிற் காணாமற் போனார், இன்றுவரை திரும்பவில்லை. மில்லர் அடிகள் போர்க்காலத்திலே, பிள்ளையைத் தேடி வந்த தாய்மாரின் முறைப்பாடுகளைக் கேட்டு எழுதிவைத்தார். சமாதானக் குழுவிற் பணிபுரிந்தார். 2009இல் ஓய்வுக்காகத் தாயகம் சென்றவர் அங்கே நிலைகொள்ளாமல் மட்டக்களப்புக்கே மீண்டார். 2019 சனவரி 1ஆம் நாள் காலமானார்.