கூப்பிட்டால் வரும் வண்டியும் வழியில் வரும் பேருந்தும்



பறக்கும் டாக்சி வரப்போகிறதாம். சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஒரு நிறுவனமே அதைச் செய்துகொண்டிருக்கிறது. செய்யட்டும், அறிவியலுக்கு நாம் எதிரிகள் இல்லை. 1908இல் உதகைக்கு ஏறி வந்த மலை ரயிலும் அன்றைக்கு அதிசயம்தான். இன்று அதில் ஏறிக் கொழுந்து பறிக்கப் போகிற பெண் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? நான் தோட்ட லைனில் வளர்ந்தவள். நாங்கள் நின்றது பேருந்துக்குத்தான்.

"செயலியில் கூப்பிட்டால் வாசலுக்கே வண்டி வருமே" என்கிறார்கள் நம் பிள்ளைகள். வரலாம். ஆனால் வருவதா வேண்டாமா என்பது ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. 1901இல் மசூர் ரயில் நிலையத்தில் சிறுவன் அம்பேத்கர் இறங்கி நின்றபோது மாட்டு வண்டிகள் இருந்தன, கொடுக்கக் காசும் இருந்தது. சாதி தெரிந்ததும் வண்டிக்காரர் எவரும் வரவில்லை. இரட்டைக் கூலி தருகிறோம், நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்ற பிறகே ஒருவர் ஒத்துக்கொண்டார். 1929இல் அவர் பாரிஸ்டர், பம்பாய் சட்டமன்ற உறுப்பினர். சாலிஸ்காவில் குதிரை வண்டிக்காரர்கள் அப்போதும் மறுத்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டி, பாலத்தில் கவிழ்ந்து, அண்ணலுக்குக் காலில் அடி. இன்றைய செயலி நம் பெயரையும் ஏறும் இடத்தையும் முன்கூட்டியே காட்டுகிறது. 'காலனி' என்று வந்தால் எத்தனை பேர் ரத்து செய்கிறார்கள் என்று எந்த நிறுவனம் கணக்குக் காட்டும்?

பேருந்தும் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் உத்தரவு போட வேண்டியிருந்தது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும், அந்தப் பேர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. சாதிவெறிக்கு எது வலிக்கிறது என்பதை அவர்களே காட்டிக்கொடுத்தார்கள். பக்கத்து இருக்கை!

நம் மலைக்கு வருகிறேன். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதமே தொடங்கியது. நமக்கில்லை, ஏனென்றால் இங்கே ஓடுபவை 'நகரப் பேருந்து' கணக்கில் வரவில்லை. தமிழ்நாட்டிலேயே கூலி வேலைக்கு மேடு ஏறி இறங்கும் பெண்களை ஒரு சொல் கீழே இறக்கிவிட்டது. 2024 பட்ஜெட்டில்தான் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் நீட்டித்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். டிக்கெட் இலவசம் என்றாலும் வண்டி வந்தால்தானே ஏறுவது?

கார் நெரிசல் தாங்காமல் 2024 மே முதல் இ-பாஸ் வைத்திருக்கிறார்கள். உயர்நீதிமன்ற உத்தரவு. அரசுப் பேருந்துக்கு அது தேவையில்லை. அப்படியானால் வழியைச் சொல்லிவிட்டார்கள். இனி வண்டியைக் கூட்ட வேண்டியதுதான் பாக்கி. சுற்றுலாவுக்கு மட்டுமல்ல, கொழுந்து எடை போட்டு முடிகிற நேரத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், பள்ளி விடும் நேரத்துக்கும்.

மனு அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் லைனுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.