என்புகளின் சாட்சியம்



2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மன்னார் நகரின் வாயிலிலே பழைய சதொசக் கட்டடம் இருந்த நிலத்தைப் புதிய கட்டடத்துக்காகத் தோண்டினார்கள். அவ்விடத்திலும், அங்கிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட மண்ணிலும் மனித என்புகள் காணப்பட்டன. விடயம் நீதவானிடம் சென்றது. அவரது கட்டளையின்படி, சட்ட வைத்திய அதிகாரி சமிந்த ராஜபக்ஷவின் தலைமையில், களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் துணைநிற்க, அகழ்வு நடைபெற்றது. வெளிவந்த என்புக்கூடுகள் 300க்கும் மேற்பட்டவை. அவற்றுட் சிறுவருடையனவும் இருந்தன.

சட்ட மருத்துவம் என்றவுடன் சவப்பரிசோதனையே நம் நினைவுக்கு வருகிறது. தசையெல்லாம் அழிந்தபின் வைத்தியருக்கு எஞ்சுவது என்பு ஒன்றுதான். இடுப்பென்பு, இறந்தவர் ஆணா பெண்ணா என்பதை உணர்த்தும். பற்களும் நீண்ட என்புகளின் நுனிகளும் வயதை உணர்த்தும். உயிருள்ள உடலில் என்பு முறிவது ஒருவிதம். உலர்ந்த என்பு மண்வெட்டி பட்டு உடைவது வேறுவிதம். இவ்விரண்டையும் மயங்கிக் கொண்டால், நடவாத கொலை ஒன்று ஏட்டில் ஏறும். அல்லது நடந்த கொலை மறையும்.

உடல் கிடந்த முறையும் சாட்சியமே. மன்னாரில் ஒரு பகுதி ஒழுங்கான இடுகாடு போலவும், மறுபகுதி உடல்கள் முறையின்றி இடப்பட்ட இடம் போலவும் தோன்றியதாகச் சோமதேவ கூறினார். ஏற்றிச் செல்லப்பட்ட மண்ணிலிருந்த என்புகளுக்கு இந்தச் சாட்சியம் இல்லாமற் போயிற்று.

ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் விடை வந்தது: கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம். காணாமற்போன பிள்ளைகளைத் தேடி வீதியோரத்தில் அமர்ந்திருந்த தாய்மார் அச்செய்தியை எவ்வாறு கேட்டிருப்பார்கள்!

அவ்விடையைச் சற்று நிதானமாக ஆராய்வோம். உயிருள்ளவரை நாம் உட்கொள்ளும் கதிரியக்கக் காபன், இறந்தபின் 5730 ஆண்டுகளுக்கொரு முறை பாதியாகக் குறைகிறது. மன்னாரைப் போல் மீனுண்ணும் கரையிலே இதில் ஒரு சிக்கலுண்டு. கடலிலுள்ள காபன் பழையது. ஆகவே, மீனை மிகுதியாக உண்டவரின் என்பு உள்ளதைவிட மூத்ததாகத் தோன்றும். இதற்குத் திருத்தம் செய்தல் வேண்டும். ஆயினும், 1950களிலும் 1960களிலும் வெடித்த அணுகுண்டுகள் வளிமண்டலக் காபனை மிகுவித்தன. அக்காலத்துக்குப் பின் வாழ்ந்தோர் உடலில் அந்த அடையாளம் இருக்கும். எனவே, மீனுணவு ஒன்றைக் காரணங்காட்டி அம்மாதிரிகளை அண்மைக்காலத்தனவாக்க இயலாது.

ஆனால் ஆறு மாதிரிகள் ஆறு மாதிரிகளே. முந்நூறுக்கு மேற்பட்ட உடல்களும் ஒரே காலத்தன என்பதற்கு, மண்ணடுக்கும் உடன் கிடைத்த பொருள்களும் ஒத்துச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியது 1560இல். அக்காலத்து மரணமாயினும் எவ்வாறு நேர்ந்ததென்பதைக் காபன் சொல்லாது. காலத்தைச் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது.

மன்னாருக்கு இது முதலாவது புதைகுழியுமன்று. 2013இன் இறுதியில், திருக்கேதீச்சரத்தருகே நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோதும் என்புகள் வெளிவந்தன. அங்கே 80க்கும் மேற்பட்ட கூடுகள் கிடைத்தன. அவையும் பழைய இடுகாட்டினவா, அண்மைக்காலத்தனவா என்ற வழக்கே எழுந்தது.

ஓர் என்பு அண்மைக்காலத்ததென்று தெரிந்தாலும், அது யாருடையதென்று அறிய மரபணு ஒப்பீடு வேண்டும். ஒப்பிடுவதற்கு உறவினரின் உமிழ்நீரோ குருதியோ வேண்டும். பெற்றோரின் மாதிரியே மிகச் சிறந்தது. தேடும் பெற்றோருட் பலர் முதுமையெய்திவிட்டனர். சிலர் விடை காணாமலே மறைந்துவிட்டனர். எஞ்சியோரின் மாதிரியைப் பெற்றுப் பேணுவதற்கு, அடுத்த புதைகுழி அகப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை.