கோழிகளும் கார்ப் பிரயாணமும்



தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வந்து குடியேறிய நம்மவர் பலர், கொல்லையில் நான்கு கோழி வளர்க்கும் ஆசையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் அல்லர். இந்தூரில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில் ஒரு வேப்பமரமும், அதனடியில் ஒரு பஞ்சாரமும் உண்டு. பஞ்சாரம் இருந்தால் அதற்குள் அடைக்கக் கோழி வேண்டுமல்லவா? அதை இக்காலத்தில் பெரும்பாலோர் தம் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடுகின்றனர். அவ்விதம் கொண்டுவந்தபோது நான் செய்த தவறு ஒன்றை முதலில் கூறிவிடுகிறேன்.

மத்தியப் பிரதேசத்தின் மேற்கு எல்லையில் ஜாபுவா மாவட்டம் இருக்கிறது. அங்கே பீலர் முதலிய பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு வளர்த்து வருவது கடக்நாத் என்னும் கோழி. இறகு மட்டுமன்றித் தோலும் இறைச்சியுங்கூடக் கறுத்திருப்பது இவ்வினத்தின் விசேஷம். 2018-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு சித்திரை மாதத்தில் அவ்வூர்ப் பக்கம் சென்ற நான் ஆறு வெடைக்கோழிகளை வாங்கினேன். அவற்றை அட்டைப்பெட்டி ஒன்றில் அடைத்து, மேலே நான்கு துளையிட்டு, கயிற்றால் இறுகக் கட்டி, டிக்கியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். இந்தூருக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பாதி வழியில் உணவுக்காக வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் இறங்கியிருந்தோம். வீடு வந்து கயிற்றை அவிழ்த்தபோது நான்கு கோழிகள் இறந்து கிடந்தன.

அவை தாகத்தால் இறக்கவில்லை, குலுக்கலாலும் இறக்கவில்லை. கோழியின் உடலமைப்பை அறியாத என் அறியாமையே அவற்றைக் கொன்றது.

நம் உடலின் உஷ்ணம் சுமார் 37 டிகிரி. கோழிக்கோ இயல்பிலேயே 41 அல்லது 42 டிகிரி இருக்கும். நமக்கு வியர்க்கிறது, கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. இறக்கைகளை உடலினின்று சற்று விரித்தும், அலகைத் திறந்து மூச்சிரைத்துமே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நெருக்கி அடைத்த பெட்டியில் இறக்கையை விரிக்க இடமேது? மூச்சிரைக்க இரைக்க அதன் ஈரமே பெட்டிக்குள் தேங்குகிறது. ஈரம் நிறைந்த காற்றில் எத்துணை இரைத்தாலும் சூடு தணியாது. வெயிலில் நிறுத்திய காரினுள்ளே பத்து நிமிடத்திலேயே உஷ்ணம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள். அரை மணி நேரம் என்பது எத்தகைய தண்டனை என்பது விளங்கும்.

மற்றொன்றும் உண்டு. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பும் விலாவும் முன்னும் பின்னும் அசைவதனாலேயே அது மூச்சு விடுகிறது. ஆதலின் மார்பை இறுகப் பிடித்தாலோ, ஒன்றின்மேல் ஒன்றாகக் கோழிகள் விழுந்து அமுங்கினாலோ, கழுத்தை நெரிக்காமலே அதன் மூச்சு நின்றுபோகும். தூக்கும்போது இரு கைகளாலும் இறக்கைகளை மெல்ல அணைத்து அடியில் தாங்கிப் பிடிப்பதே முறை. காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடும் சந்தை வழக்கத்தை நம் வீட்டுக் கோழிக்காவது செய்யாதிருப்போம்.

மறு ஐப்பசியில் அதே ஊருக்கு மீண்டும் சென்றேன். இம்முறை, முந்தைய இரவு கோழிகள் அடைந்த பிறகே அவற்றைப் பிடித்துத் தரும்படி கேட்டுக்கொண்டேன். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. துரத்தாமலும் கூச்சலின்றியும் எடுத்துவிடலாம். நான்கு பக்கமும் காற்றுப் புகும் இரண்டு மூங்கில் கூடைகளில் கூடைக்கு மூன்றாக விட்டோம். அடியில் சாக்கு விரித்து, அதன்மேல் வைக்கோல் பரப்பினோம். வெறும் செய்தித்தாள் போட்டால் கால் வழுக்கி, வளைவுதோறும் எல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிடும். கூடையின் மேல்வாயை மட்டும் ஒரு பழைய வேட்டியால் மூடினேன். மங்கலான வெளிச்சத்தில் கோழி அமைதியாக இருக்கும். கூடைகளை டிக்கியில் அன்று, பின் இருக்கையிலேயே வைத்து இருக்கைப் பட்டையால் பிணைத்தோம். புறப்படுமுன் தண்ணீர் காட்டினோம். கூடையில் வெள்ளரித் துண்டுகள் சிலவும் போட்டோம். விடியுமுன் நாலரை மணிக்குக் கிளம்பி, வண்டியை ஓரிடத்திலும் நிழலின்றி நிறுத்தாமல், எட்டு மணிக்கு வீடு சேர்ந்தோம். ஆறும் தாமே கூடையை விட்டு இறங்கி நடந்தன. வழியில் பசித்தவர்கள் நாங்கள் மட்டுமே!

இவையெல்லாம் அன்பர்களின் விருப்பத்தைப் பொறுத்தவை அல்ல. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், தேவையற்ற துன்பம் விளையும்படி பிராணிகளை ஏற்றிச் செல்வதைக் குற்றமென்கிறது. 1978-ஆம் ஆண்டு விதிகளில் 2001-இல் கோழிகளுக்கென்றே ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. வெயிலும் மழையும் நேரான காற்று வீச்சும் படலாகாது, சேவலையும் பெட்டையையும் ஒரே கூட்டில் அடைக்கலாகாது, வெப்ப காலத்தில் ஆறு மணிக்கொரு முறை தண்ணீர் காட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் உள்ளது. 25 டிகிரிக்கு மேலும் 15 டிகிரிக்குக் கீழும் கொண்டு செல்லலாகாது என்றும் அவ்விதி கூறுகிறது. நம் நாட்டுக் கோடையில் இதன் பொருள், பகலில் புறப்படாதே என்பதேயாம்.

குஞ்சுகளின் சேதி வேறு. பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருப்பதால், இரண்டு மூன்று நாள் இரையின்றித் தாங்கும். ஆனால் குளிரைத் தாங்காது. முதல் வாரத்தில் அதற்கு 32 முதல் 35 டிகிரி வரை கதகதப்பு வேண்டும். காரின் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றைப் பெட்டியின் ஒரு புறம் வைத்தால், வேண்டிய குஞ்சு அண்டும், வேண்டாதது விலகும்.

பறவைக் காய்ச்சல் பரவும் சமயங்களில் எக்காரணம் கொண்டும் கோழிகளை இடம் மாற்றாதீர்கள். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்நோய் நம் நாட்டில் முதன்முதலாகத் தலைகாட்டியது. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

வீடு சேர்ந்ததும் புதுக் கோழிகளைப் பழையவற்றோடு கலந்துவிட வேண்டாம். மூன்று வாரமாவது தனியே அடைத்துப் பாருங்கள். குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத் நகரின் பெயரால் வழங்கும் நோயை, நம்மவர் வெள்ளைக்கழிச்சல் என்பர். அது வந்தால் ஒரு கொல்லையே காலியாகிவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. முதல் நாள் தீவனத்தைவிடத் தண்ணீரே முக்கியம். சாக்கையும் வைக்கோலையும் அப்புறப்படுத்தி, இருக்கையைத் துடைத்து, கையைச் சோப்பினால் கழுவிய பின்னரே குழந்தைகளைத் தூக்குங்கள். அவர்கள் கோழியைத் தொட்டிருந்தால் அவர்கள் கைகளையும் கழுவிவிடுங்கள்.