நாவின் கட்டு அவிழ



பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு நற்செய்தியில், காது கேளாத, திக்கிப் பேசுகின்ற ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள் (மாற் 7:31-37). அவர்மேல் கை வைக்கும்படிதான் கேட்கிறார்கள். ஆண்டவரோ முதலில் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். கேட்க முடியாதவருக்கும் புரியும் வகையில் காதில் விரல் இடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அதன் பிறகே 'எப்பத்தா' என்னும் சொல். குழந்தைத் திருமுழுக்கில் அருள்பணியாளர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிப்பது இந்த நிகழ்ச்சியிலிருந்து வந்ததே.

நம் தொடக்கப்பள்ளிகளை இதோடு வைத்துப் பார்ப்போம். திக்கிப் பேசும் குழந்தை வகுப்பில் எழுந்து நிற்கிறது. முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆசிரியர் இரக்கப்பட்டுத்தான் மீதியைத் தாமே சொல்லி முடித்து, "சரி, உட்கார்" என்கிறார். தன் வாக்கியத்தை வேறு யாரோ முடித்துவிடுவார்கள் என்பதே அந்தக் குழந்தை அன்று படித்த பாடம். பேச்சுப் பயிற்சி தருவோர் வழக்கமாகச் சொல்வது இதுதான்: குறுக்கிடாதீர்கள், முகம் பார்த்துக் காத்திருங்கள், நீங்களும் சற்று மெதுவாகப் பேசுங்கள். இதற்குப் பணச் செலவு ஏதுமில்லை, பொறுமைதான் செலவாகும்.

வாய் திறக்காத வேறு பிள்ளைகளும் உண்டு. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டில் வாக்ரிபோலி பேசும் நரிக்குறவப் பிள்ளைகள். கடற்கரைத் தமிழைப் பேசி, பிறர் சிரித்ததால் பேச்சை நிறுத்திக்கொண்ட மீனவப் பிள்ளைகள். விளையாட்டுத் திடலில் இவர்கள் பேசுவதைச் சற்று நின்று கேளுங்கள். அங்கே வாய் மூடுவதே இல்லை.

அதே ஞாயிறின் இரண்டாம் வாசகத்தில், பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்கு மூலையும் தருவதை யாக்கோபு கண்டிக்கிறார். பள்ளி ஆண்டுவிழாவில் ஆயருக்குப் பூச்செண்டு கொடுத்து வரவேற்புரை சொல்ல எந்தக் குழந்தை நிற்கிறது? ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே வீட்டுப் பிள்ளைகள்தாம். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இதிலிருந்து விலக்கு அளித்தது. நம் உரிமைகளைக் காக்க அந்தத் தீர்ப்பு வேண்டியதுதான். ஆனால் யாக்கோபு திருமுகத்தில் நமக்கு விலக்கு எதுவும் இல்லை.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், பிறர் உதவியோடு செபங்களைத் தமிழில் அமைத்து மனப்பாடம் செய்தவர். தெருத்தெருவாக மணியடித்து அவர் கூட்டியது மீனவச் சிறுவர்களை. நோயுற்றோர் வீடுகளுக்கு எல்லாம் தம்மால் போக முடியாதபோது, அங்கே சென்று செபிக்கும் பணியை அந்தச் சிறுவர்களிடமே ஒப்படைத்தார். கற்றதைப் பெற்றோருக்குச் சொல்லித் தரவும் அனுப்பினார். 1544இல் எழுதிய மடலில் அவரே இதைக் குறிப்பிடுகிறார்.

நம் ஆசிரியர்கள் நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளைகளை வட்டமாக அமர்த்தலாம். ஒரு பந்து கைமாறட்டும். பந்து யாரிடமோ அவரே பேசுவார். அடுத்த குழந்தை, முன்னவர் சொன்னதைத் திருப்பிச் சொன்ன பிறகே தன் பேச்சைத் தொடங்கவேண்டும். விருப்பமில்லாத அன்று பந்தைக் கைமாற்றிவிடலாம்; வீட்டு மொழியில் பேசினாலும் ஏற்கலாம். ஆனால் விடுமுறைக்கு எங்கே போனாய், பிறந்தநாளுக்கு என்ன வாங்கினாய் என்று கேட்கவேண்டாம். வரும் வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் எல்லாரிடமும் பதில் இருக்கும்.

பங்கிலும் தொடங்கலாம். வரும் ஞாயிறு விசுவாசிகளின் மன்றாட்டை வாசிக்க, இதுவரை மைக் முன் நிற்காத ஒரு குழந்தையை மறைக்கல்வி ஆசிரியர்கள் இந்த வாரமே தேர்ந்து, வீட்டில் பழகுவதற்குத் தாளைக் கொடுத்தனுப்பட்டும். மைக்கைக் குழந்தையின் உயரத்திற்கு இறக்கி வைப்போம். நடுவில் வாசிப்பு நின்றுவிட்டால், பீடத்தில் இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் காத்திருப்போம்.