போரின் நியாயத்தை யாரிடம் கேட்பது?



போர் எப்போதாவது நியாயமாகுமா? பட்டிமன்ற மேடையில் இந்தக் கேள்வியை எழுப்பினால் இரண்டு அணிக்கும் கைதட்டல் கிடைக்கும். போர் நடந்த மண்ணில் நின்று கேட்டால் பதில் அத்தனை சுலபமாக வராது.

தங்காக் என்றதும் துணிக்கடைகள்தாம் நினைவுக்கு வரும். லேடாங் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த அமைதியான ஊரின் அண்டையில்தான், 1942 ஜனவரியில், மூவார்ப் போர் நடந்தது. ஜப்பானியரைத் தடுக்க நிறுத்தப்பட்ட 45ஆவது இந்தியப் படைப்பிரிவில் பலர் பயிற்சிகூட முடியாத இளைஞர்கள். பின்வாங்கிய படை பாரிட் சூலோங் பாலத்தை அடைந்தபோது வழி அடைபட்டிருந்தது. நடக்க முடியாத காயக்காரர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் காட்டு வழியே தப்பினார்கள். அப்படி விடப்பட்ட ஏறத்தாழ 150 ஆஸ்திரேலிய, இந்திய வீரர்களை ஜப்பானியர் ஜனவரி 22ஆம் நாள் கொன்றார்கள். அதற்காகத் தளபதி நிஷிமுரா 1951இல் தூக்கிலிடப்பட்டார்.

ஜப்பானும் தன் போருக்கு ஒரு நியாயம் வைத்திருந்தது. "ஆசியா ஆசியர்களுக்கே!" கேட்க இனிமையான முழக்கம்தான். ஆனால் அதே ஜப்பான், தோட்டத்துத் தமிழர்களை ஆயிரம் ஆயிரமாக சயாமுக்குக் கொண்டுபோனது. 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. ஏறத்தாழ 90,000 பேர் என்பது பலரும் சொல்லும் மதிப்பீடு. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. பால்மரம் வெட்டிய கைகளுக்கோ பெயர்ப்பலகைகூட இல்லை. அந்தப் பாதையை உலகறியச் செய்த ஆங்கிலப் படம் 1957இல் வந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதிலும் இவர்களின் கதை இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1943இல் நேதாஜி வந்தபோது, இந்திய விடுதலைக்கான போர் நியாயமே என்று நம்பித் தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜானகி ஆதி நாகப்பன் போன்ற இளம் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். இந்திய அரசு 2000இல் ஜானகிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்தப் படைக்குத் துணை நின்றது, சயாமுக்கு ஆள் பிடித்த அதே ஜப்பான். அண்ணன் விடுதலைப் போருக்கும் தம்பி மரண ரயிலுக்கும் போன காலம் அது.

இனி பிரபலங்களிடம் வருவோம். ஒரு நடிகரோ விளையாட்டு வீரரோ போர் வேண்டாம் என்றால், "இவருக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். புகழ் ஒருவரை அறிஞராக்கிவிடாது. உண்மைதான். அவர் அந்தச் சொல்லுக்கு என்ன விலை கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். 1975இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை வென்ற முகமது அலியை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967இல் தம் சொந்த நாட்டிடமே மறுத்தவர் அவர். பட்டம் பறிபோனது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் குத்துச்சண்டை மேடையே ஏற முடியவில்லை. 1971இல்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

தமிழ்த் திரையுலகமும் வாய் திறந்தது. இலங்கைப் போரை நிறுத்தக் கோரி 2008 அக்டோபரில் ராமேஸ்வரத்தில் திரண்டது. நவம்பர் 1ஆம் நாள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தது. போர் நிற்கவில்லை. 2009 மே மாதம் அது முடிவதற்குள் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை. ஆனாலும் அந்தக் குரல் வீண் என்று சொல்லிவிட முடியாது. சாகிறவர்களுக்கு ஒலிபெருக்கி கிடையாது. அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அவர்களுக்காகவும் பேசியாக வேண்டும்.

யானையோடு யானை பொருதினால் நடுவில் நிற்கும் சருகுமான் சாகும் என்கிறது மலாய்ப் பழமொழி. வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுக்கக் கை ஓங்குவது நியாயமாகலாம். ஆனால் எத்தனை நல்ல காரணமும் காயம்பட்டவனைக் கொல்லவோ, கூலிக்காரனைக் காட்டில் சாகடிக்கவோ உரிமை தராது. போரை நியாயப்படுத்துகிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தச் சருகுமானுக்குத்தான்.

நேயர்களே, சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் அவர் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவருக்கு இல்லாமல் போன கல்லறைக்கு அதுதான் முதல் கல்.