நான்கு கதவுகள்



பழைய ஊர்திகளின் அன்பர்கள் சுவைத்துப் பகிரும் செய்தியொன்று கவிஞர்களுக்கும் உரியது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு மகிழுந்துக்கு இரண்டே கதவுகள். 1961 முதல் சென்னையில் அது 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் பெயரில் உருவாயிற்று. பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாய் ஏறும் நம் குடும்பத்திற்கு இரு கதவுகள் போதுமா? பின்னர் இங்கே நான்கு கதவுகள் அமைந்தன. பிறந்த நாட்டில் அவ்வடிவம் தோன்றவே இல்லை!

கும்பகோணத்தில் 1900இல் பிறந்த ந. பிச்சமூர்த்தியும், கடல் கடந்து வந்த விட்மனின் யாப்பற்ற நடையில் ஊக்கம் பெற்றே புதுக்கவிதைக்கு வழிவகுத்தார். இரவல் வடிவம் இழுக்கன்று. நம் மக்கள் ஏறி அமர அதில் நாம் கதவு திறந்தோமா? பத்தாண்டு நிறைவில் நம் கவிதைகளிடம் கேட்கவேண்டிய வினா இதுவே.